பனியில் நிற்கும் உன் அம்மா

நீ கேட்ட நெகட்டிவ் இந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. பட்டர் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ அவசரக்குடுக்கை, முதலில் அதைத்தான் பிரிப்பாய். பிரிக்காதே. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பதற்கு முன்னால் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். மூன்று வாரமாக அதற்குத்தான் பார்த்தேன். நீ "சொல்லுங்க டாடி" என்பாய், உடனே எனக்கு இங்கே காக்ஸ் டவுன் மழையும் உங்கள் வைட்ஃபீல்ட் டிராஃபிக்கும்தான் வாயில் வரும். வாயால் பேசினால் மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரிந்துபோனது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்குக்கூட நான் ஒரு வரி எழுதித் தரவில்லை. இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேனே என்று சிரிக்காதே.

அடுத்த மாதம் சாமியார் வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து உங்கள் புது ஃப்ளாட்டை மந்திரிக்கப் போகிறார். ஹால் சுவர் வெறுமையாக இருக்கிறது, சுவர் முழுக்க மம்மி படத்தைப் போடப்போகிறேன், அவ்வளவு பெரிதாக்க பழைய பிரிண்ட் பத்தாதாம், ஒரிஜினல் நெகட்டிவ் வேண்டுமாம் என்று சொன்னாய். "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். தேட என்ன இருக்கிறது? பீரோவின் மேல் தட்டில் எந்தக் கவரில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். அந்தப் படம் உனக்கு என்ன என்று எனக்குத் தெரியும். முக்கால் பாகத்துக்கு மேல் வெறும் வெள்ளை, கீழே ஒரு கோடு போட்ட மாதிரி புல், வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பெண், ஒரு கையைப் பாதி தூக்கியபடி. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "மம்மி டாட்டா காட்டறாங்க" என்று சொல்வாய். அவள் போன பிறகு, ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசல் பக்கம் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்து நீயும் கை காட்டிவிட்டுப் போவாய். ஐந்தாவது, ஆறாவது படிக்கிற வரைக்கும் காட்டினாய். நான் ஷூ லேஸைக் கட்டிவிட்டுக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன். அவள் டாட்டா காட்டவில்லையடா.

நான் ஏன் இப்படிப்பட்ட படம் எடுக்கிற ஆளானேன் என்று பல தடவை கேட்டிருக்கிறாய். ஏதோ பெரிய தத்துவம் மாதிரி சொல்லி வைத்திருப்பேன். உண்மை ரொம்பச் சாதாரணம். கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்த எனக்கு வருஷம் முழுக்கக் கூட்டம். மேடையில் பெண் மாப்பிள்ளையைச் சுற்றி முப்பது பேர். ஒருத்தர் கண்ணை மூடுவார், ஒருத்தர் குழந்தையைத் தேடுவார், "அண்ணே, இருங்கண்ணே, பெரியம்மா கை கழுவறாங்க, வந்துடுவாங்க" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வரும். முகம், முகம், முகம். மனுஷ முகத்தைக் கண்டாலே அலுத்துப்போகிற அளவுக்கு ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் நாலு வாரமும் நம் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மார்கழி என்று மற்றவர்களும் வைக்க மாட்டார்கள். பெங்களூரில் பனி இறங்குவதும் சரியாக அந்த நாட்களில்தான். அப்போது கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு முகமும் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்கூட்டரை விடுவேன். அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான் ஹெசரகட்டா. ஏரி வற்றின பக்கத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல், அதன் மேல் பனி, வேறு ஒன்றும் கிடையாது. அங்கே போய் நின்ற முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி.

அங்கே நின்று நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அடிவானத்தைக் கீழே இறக்கு, மேலே வெறுமனே விடு. ஒரு படத்துக்கு ஒரு பொருள் போதும், இரண்டாவது வந்தால் இரண்டுக்கும் சண்டை. பனி கேமராவின் லைட் மீட்டரை ஏமாற்றும், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சம் கூடுதலாக வர லென்ஸை ஒன்றரை ஸ்டாப் திற. குறுக்கே மாடு வந்தால் அது போகிற வரைக்கும் பொறு. தள்ள முடிந்ததையெல்லாம் வெளியே தள்ளு, அப்புறமும் போகாமல் எது நிற்கிறதோ அதை எடு. இதையெல்லாம் பத்தாவது பரீட்சை லீவில் சொல்லிக் கொடுத்தபோது நீ நோட்டில் எழுதிக்கொண்டாய். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வெறும் புல்லும் பனியுமாக நான் எடுத்த படங்களை எவனும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. போட்டிக்கு அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும். கேமரா கிளப்பில் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. எவ்ளோ பெரிய இடம்னு தெரியலையே சார், ஒரு ஆளு நின்னாதானே தெரியும்" என்றார். ஆள் வேண்டும், முகம் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

உன் அம்மா ஸ்டெல்லா எவ்வளவு ஆசையாக வந்தாள் தெரியுமா! வாரம் முழுக்க நர்சரி ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு வெளியே போகிறோம் என்று மஞ்சள் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். காலைப் பூசையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த உன்னைப் பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டியிடம் விட்டாள். நான் அந்தச் சேலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். நான் எடுப்பது கறுப்பு வெள்ளை, மஞ்சள் பனியோடு கரைந்துபோகும் என்றேன். அதோடு சரி, அப்புறம் எல்லா ஞாயிறும் ஒரே கருநீலச் சேலைதான். "மேரி கேக்கறா, உங்க வீட்டுக்காரர் வேற சேலையே எடுத்துத் தரமாட்டாரான்னு. நான் என்னத்த சொல்றது?" என்று சிரிப்பாள். எனக்கு அதுகூட எரிச்சலாக இருக்கும். கலை தெரியாதவர்கள் என்று மேரி ஆன்ட்டியைத் திட்டுவேன். அந்த மேரி ஆன்ட்டி இன்றைக்கும் எனக்கு வாரம் இரண்டு நாள் குழம்பு கொண்டுவந்து தருகிறார்.

அம்மாவை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதற்கு நான் ஓர் அளவு வைத்திருந்தேன். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரல் நகத்தை அவள் மேல் வைத்துப் பார்ப்பேன். நகத்துக்கு வெளியே தலையோ காலோ தெரிந்தால் அவள் இன்னும் தள்ளிப் போக வேண்டும். நூறு கஜம் இருக்கும். அவ்வளவு தூரத்துக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று சைகை வைத்துக்கொண்டோம். என் இடது கை மேலே போனால் இன்னும் போ. இரண்டு கையும் போனால் நில். அவளுக்கு நான் ஒரு சைகையும் கொடுக்கவில்லை. அவள் வேலை நிற்பது, அவ்வளவுதான். கையைத் தூக்கிவிடாதே, உருவம் கெட்டுப்போகும் என்று கண்டித்து வேறு சொல்லியிருந்தேன். யோசித்துப் பார். அவளிடம் பேச எனக்கு இரண்டு வழி இருந்தது, என்னிடம் பேச அவளுக்கு ஒரு வழியும் இல்லை. நாலு வருஷம் அப்படி எடுத்தேன், ஒரு நாளாவது இது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? கண் இருந்து என்ன பிரயோஜனம் என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு எட்டு வயது அப்போது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மா கிறிஸ்துமஸ் பலகாரம் குல்குல்லுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து சீப்பில் உருட்டிக்கொண்டிருந்தாய். "இந்த வாரம் வேணாங்க. மாடிப்படி ஏறினாலே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. "வருஷத்துல நாலே வாரம் எனக்குன்னு இருக்கு, அதுலயும் ஒரு மணி நேரம் வர்றதுக்கு உனக்கு வலிக்குதா?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்தேன். நான் சாப்பிடாவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் உட்கார்ந்தேன். அவள் மாவுக் கையோடு வந்து, "சரி, வரேன். எழுந்து சாப்பிடுங்க" என்றாள். ஜெயித்த மாதிரி எழுந்து சாப்பிட்டேன்.

மறுநாள் விடிந்தபோது நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்காத பனி. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் நடந்தாள். நான் இடது கையைத் தூக்கினேன். போனாள். திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் தூக்கினேன். நாலு தடவை திரும்பிப் பார்த்தாள், நாலு தடவையும் தூக்கினேன். அப்புறம், நான் இரண்டு கையையும் தூக்காமலே அவளாக நின்றுவிட்டாள். நகத்துக்கு வெளியே இன்னும் கால் தெரிந்தது. கோபம் வந்தது எனக்கு. அப்போதுதான் அவள் ஒரு கையைத் தூக்கினாள். "கையத் தூக்காதன்னு எத்தன வாட்டி சொல்றது" என்று வாய்க்குள் முனகினேன். அடுத்த நொடி கண் வேறு மாதிரி பார்த்துவிட்டது. அவ்வளவு வெள்ளைக்கு நடுவில் அந்தக் கை பாதியில் நின்றது அத்தனை அழகாக இருந்தது. அமுக்கினேன். அமுக்கிய மறு நொடியே ஏதோ சரியில்லை என்று புரிந்து, போட்டது போட்டபடி அவளை நோக்கி ஓடினேன். இப்படித்தான் எனக்கு ஞாபகம். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நிறமே இல்லை. கொஞ்சம் மூச்சு திரும்பியதும், "கூப்பிட்டேங்க. கத்த மூச்சு வரல, அதான் கையத் தூக்கினேன்" என்றாள். "பார்த்த உடனே ஓடி வந்தேனே ஸ்டெல்லா." "ஆமா, வந்தீங்க. எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியல." அவளைக் கைத்தாங்கலாக ரோட்டோர டீக்கடைக்குக் கூட்டி வந்தேன். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "ஏனாய்து சார் மேடம்கெ? ஆஸ்பத்திரிகெ கர்கொண்டு ஹோகி சார்" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார். "ஏனில்லப்பா, சுஸ்து அஷ்டே", ஒன்றுமில்லை, அசதி, அவ்வளவுதான் என்று நான் அவர் வாயை அடைத்தேன். பெயர் தெரியாத அந்த மனுஷனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். எனக்கு வீட்டுக்குப் போய் ஃபிலிமைக் கழுவ வேண்டும் என்ற அவசரம். டீ குடித்ததும் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. "புள்ளகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவான்" என்றாள். இன்றைக்கு அவள் பேச்சை மீறுகிறேன்.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது உனக்குத் தெரியும். கண்காட்சியில் மாட்டியிருந்தபோது அம்மா அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். படத்தைப் பார்க்க வந்தவர்கள், கொஞ்சம் நகருங்கம்மா என்று அவளை நகர்த்திவிட்டுப் பார்த்தார்கள். "இதுல நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியலையே" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். ஒருவர் வந்து, அந்தக் கையில் என்ன ஒரு அமைதி, எப்படி சார் அதைப் பிடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான், "பொறுமை வேணும் சார், காத்திருக்கணும்" என்றேன். வெட்கம் கெட்டவன்.

பத்துப் பதினோரு மாதம் கழித்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலைமையில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயதில் ஜுரம் வந்து மூட்டு வீங்கியதுண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு என்றாள். அதிலேயே இதய வால்வு கெட்டு, வருஷக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறதாம். "எப்போலருந்து மூச்சு வாங்குது?" என்றார். நான் முந்திக்கொண்டு, "இப்போதான் டாக்டர், ஒரு மாசமாதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? போன வருஷமே என்றால் அப்போதே ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும், அதற்குத்தான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்து, "ஆமா டாக்டர், இப்போதான்" என்றாள். என்னைக் காப்பாற்றினாள்! படுக்கையில் உட்கார முடியாமல் உட்கார்ந்துகொண்டு, என்னைக் காப்பாற்றினாள். ஆபரேஷனைத் தாங்குகிற உடம்பு இப்போது இல்லை, இதை ஒரு வருஷம் முன்னால் பார்த்திருந்தால் சின்ன வேலைதான் என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அதை நான் உள்ளே வந்து அவளிடம் சொல்லவில்லை, உன்னிடமும் இதுவரை சொல்லவில்லை. அம்மாவுக்கு விதி அவ்வளவுதான் என்று உன்னிடம் சொன்னேன், நீயும் நம்பினாய். விதியெல்லாம் இல்லை, அது நான்.

அவள் போன அன்று சவப்பெட்டி மேல் வைக்க ஒரு போட்டோ கேட்டார்கள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் முகம் முகமாக எடுத்துக் கொடுத்தவன் வீட்டில், பெட்டி பெட்டியாக இருந்த நெகட்டிவில் ஸ்டெல்லாவின் முகம் ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் புல்வெளியில் ஒரு புள்ளி. கடைசியில் அவள் ஸ்கூல் ஐ.டி. கார்டில் வேறு எவனோ எடுத்த தபால்தலை அளவு படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தோம். கண் லேசாகக் கலங்கி, காது கம்மல் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த கார்டிலும் அதே படம்தான். நீ அதை எங்கும் வைத்துக்கொள்ளவில்லை, பனியில் நிற்கிறதுதான் மம்மி என்றாய்.

இப்போது ரீனா விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் விஷயத்தில் மாமனார் மூக்கை நுழைக்கக் கூடாதுதான், நுழைக்கிறேன், பொறுத்துக்கொள். போன மாதம் வந்தபோது கூர்க் போன படங்களைப் போனில் காட்டினாய். மேகம், ஒற்றை மரம், தூரத்தில் ரீனா. மேகம், ஏரி, தூரத்தில் ரீனாவின் முதுகு. நாற்பது ஐம்பது படம் இருக்கும். "டாடி ஸ்டைல்" என்று பெருமையாகச் சொன்னாய். ரீனா தட்டு எடுத்துவைத்துக்கொண்டே, "அங்கிள், உங்க புள்ளகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன், என் மூஞ்சி அவ்ளோ கேவலமாவா இருக்கு?" என்றாள். நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான் தண்ணீர் கொட்டியது என்று துண்டு எடுக்கப் போய்விட்டேன். டேய், அவளைக் கிட்டே கூப்பிடு. கிட்டே கூப்பிட்டு, மூஞ்சியைப் பார்த்து எடு. கண் மூடியிருந்தாலும் சரி, பின்னால் குப்பைத் தொட்டி தெரிந்தாலும் சரி. நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் முழுவதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அந்த நோட்டு இருந்தால் கிழித்துப் போடு. இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பதால்தான் என் கதையை முதலில் சொன்னேன்.

நெகட்டிவ் கேட்டாயே, அன்று நீ போன பிறகு பீரோவிலிருந்து எடுத்தேன். முப்பத்தாறு படமுள்ள ரோலை ஆறு ஆறாக நறுக்கித்தான் வைப்போம். இதில் பதிமூன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும் இருக்கிறது. உன் படம் பதினான்கு. அன்றைக்கு ஃபிலிமைக் கழுவிக் காயப்போட்டபோதே லூப் என்கிற குட்டிப் பூதக்கண்ணாடியை வரிசையாக வைத்துக்கொண்டு வந்து, பதினான்கைக் கண்டதும் நிறுத்திவிட்டேன், அதை மட்டும்தான் பிரிண்ட் போட்டேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அந்த பிரிண்டிலிருந்தே காப்பி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் இருக்கிற மற்ற படங்களை ஒரு நாளும் பார்க்காமலா இருந்தீர்கள் என்று கேட்பாய். சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெகட்டிவில் பனி கறுப்பு, அம்மா வெள்ளை, ரவை அளவுதான் இருப்பாள். லூப் வைத்தால்தான் நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியும். மற்ற படங்கள் மேல் இருபது வருஷமாக நான் லூப் வைக்கவில்லை. அன்று வைத்தேன். பதினான்கில் கை தூக்கியிருக்கிறாள். பதினைந்தில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பதினாறில் குந்தியிருக்கிறாள். பதினேழில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டில் தலை முழங்காலுக்குள் போய்விட்டது.

ஒன்று எடுத்துவிட்டு ஓடினேன் என்று உன்னிடம் மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடிக்க வேண்டாம், இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள அதுவும் வேண்டும். பனியில் எது சரியான எக்ஸ்போஷர் என்று நிச்சயமில்லாததால் அரை அரை ஸ்டாப் மாற்றி மூன்று நாலு எடுப்பது என் பழக்கம். இதிலும் மாற்றியிருக்கிறேன். பதினாறு பதினைந்தை விட அடர்த்தி, பதினேழு இன்னும் அடர்த்தி. அதாவது அவள் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது நான் நின்ற இடத்தில் நின்று வளையத்தைத் திருப்பி, ஃபிலிமை நகர்த்தி, கண்ணை வைத்து, மறுபடி அமுக்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல என்று அவள் சொன்னாளே, எனக்கு இப்போது தெரியும். பதினான்கை மட்டும் வெட்டி உனக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு தடவை கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டியிருந்தால் உன் வீட்டுச் சுவரில் மம்மி காலகாலத்துக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருப்பாள், சாமியார் அதன் மேலும் தீர்த்தம் தெளிப்பார், நானும் முன் வரிசையில் கைகூப்பிக்கொண்டு நிற்பேன். என்னால் முடியவில்லை. முழுசாக அனுப்புகிறேன். சுவரில் போடுவதோ, அடுப்பில் போடுவதோ உன் இஷ்டம். மந்திரிப்புக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று தோன்றினால் கூப்பிடாதே. எனக்குச் சமாதானம் சொல்லவும் வராதே, அது எனக்கு வேண்டாம், அதை நான் வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஒன்றே ஒன்று. ஸ்கூட்டரில் கேமரா ஸ்டாண்டு வைக்க இடமில்லாமல் அன்றைக்கு எல்லாவற்றையும் கையில் பிடித்துத்தான் எடுத்தேன். அதனால் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. பதினெட்டாவதாவது கலங்கியிருக்கும், புல் இழுபட்டிருக்கும், பதறி ஓடத் தொடங்கியவன் கை தவறி அமுங்கியதாக அது இருக்கும் என்று மூன்று வாரமாகத் தினமும் காலையில் லூப்பை வைத்து அதைத் தேடினேன். நீயும் பார், உனக்குக் கண் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிகிறது மகனே. உன் அப்பன் கை ஆடவே இல்லை.